கூரையில் முளைப்பதும் கூரையிலிருந்து வடிவதும்



லண்டன் மாநகரின் தென்கிழக்கில், தேம்ஸ் ஆற்றோடு ஒரு சிற்றோடை வந்து கலக்கும் டெட்ஃபோர்டு பகுதியில், லாபன் நடனப் பள்ளியின் கட்டடம் 2003இல் திறக்கப்பட்டது. ஹெர்சோக், டி மியூரோன் என்ற சுவிஸ் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தது. அந்த ஆண்டின் ஸ்டெர்லிங் பரிசும் அதற்கே கிடைத்தது. பார்க்க வருகிறவர்களின் கண் அதன் வண்ணச் சுவர்களில் நின்றுவிடும். கூரையில் கிடப்பதோ உடைத்த செங்கல்லும் கான்கிரீட் துண்டுகளும். அது யாரும் கூட்டிப் பெருக்காமல் விட்ட குப்பையன்று, திட்டமிட்டே பரப்பியது. கரிய உடலும் செந்நிற வாலும் கொண்ட, 'பிளாக் ரெட்ஸ்டார்ட்' என்று ஆங்கிலேயர் அழைக்கும் சிறு பறவைக்காகச் செய்த ஏற்பாடு அது. (குளிர்காலத்தில் இந்தியாவுக்கும் வருகிற பறவைதான்.) இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியக் குண்டுகள் இடித்துத் தள்ளிய லண்டன் கட்டடங்களின் சிதிலங்களில் அது கூடு கட்டிப் பெருகியது. பிறகு கைவிடப்பட்ட ஆலை மனைகளில் வாழ்ந்தது. அந்த மனைகளிலும் புதுக் கட்டடங்கள் எழத் தொடங்கியபோது, தரையில் இழந்த இடிபாட்டைக் கூரையில் திருப்பித் தரலாம் என்ற யோசனை பிறந்தது. அப்படி வந்தவையே 'பழுப்புக் கூரைகள்'. தொழிற்கழிவையும் கட்டடக் கழிவையும் செடி வளரும் ஊடகமாகப் பயன்படுத்தும் இன்றைய முயற்சிகளில் பிரிட்டனுடைய பங்கு பெரியது. அதற்கு இந்தப் பறவையும் ஒரு காரணம்.

இம்முயற்சியை நான் வரவேற்கிறேன். ஆனால் இதன் வெற்றியைப் பெரும்பாலும் தவறான இடத்தில் அளக்கிறோம் என்பது என் வாதம். கழிவின் மேல் செடி முளைத்ததா, பூத்ததா, வண்டும் பறவையும் வந்தனவா என்று கூரையின் மேற்புறத்தையே பார்க்கிறோம். மழை பெய்த பின் கூரையின் குழாய் வழியே இறங்கும் நீரில் என்ன இருக்கிறது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். லண்டனில் இது ஓரளவு முக்கியமான கேள்வி. தமிழ்நாட்டில் இதுவே முழுக் கேள்வி. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இப்படிச் செடி வளரும் கூரைகளுக்குப் பொதுப் பெயர் பசுங்கூரை. அந்தப் பெயரைக் கேட்டதும் நம்மூர் மாடித் தோட்டத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடித் தோட்டத்தில் பையும் தொட்டியும் அங்கங்கே நிற்கும். வேண்டாமென்றால் இறக்கி வைத்துவிடலாம். பசுங்கூரையிலோ கூரைப் பரப்பு முழுவதும் நீர் புகாத படலம், வேர்த் தடுப்பு, வடிகால் அடுக்கு, வடிதுணி என்று ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்து, அதன்மேல் ஊடகத்தைப் பரப்புவார்கள். எளிய வகைக் கூரைகளில் ஊடகத்தின் கனம் 8 முதல் 15 செ.மீ. வரை இருக்கும். வயல் மண்ணை அள்ளிக் கொட்டினால் என்ன என்று தோன்றும். நனைந்த மண் மிகவும் கனக்கும். நாளாக நாளாக இறுகும். அதிலுள்ள நுண்துகள் வடிதுணியை அடைக்கும். அதனால்தான் இத்துறைக்கு வழிகாட்டி விதிகள் வகுத்த ஜெர்மனியில் ஊடகத்தின் பெரும்பகுதி கனிமத் துண்டுகளாகவும் சிறுபகுதியே மட்கிய உரமாகவும் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கனிமம் பெரும்பாலும் எரிமலைப் பகுதிகளில் வெட்டியெடுத்த நுரைக்கல், அல்லது 1,100 டிகிரி செல்சியசுக்கு மேல் சுழல் சூளையில் பொரித்தெடுத்த களிமண் உருண்டை. சுற்றுச்சூழலுக்கு நன்மை செய்வதற்காக ஒரு மலையைக் குடைவதும், அவ்வளவு எரிபொருளைக் கரியாக்குவதும், பிறகு அதை லாரியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுபோவதும் முரண். கழிவுப் பொருளைத் தேடும் எண்ணம் அங்கிருந்துதான் நியாயம் பெறுகிறது.

தேடியவற்றில் முதலில் கைகொடுத்தது செங்கல். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொத்தனாருக்கு நீரைக் குடிக்கும் செங்கல் மட்டமான செங்கல்; சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் நீர் உறிஞ்சக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயமே வரம்பு கட்டியிருக்கிறது. கூரைச் செடிக்கோ அந்தக் குற்றமே குணம். சூளையில் வெந்த களிமண்ணுக்குள் இருக்கும் நுண்துளைகள், மண்பானையில் நீரைக் கசியவிட்டுக் குளிரவைக்கும் அதே துளைகள், மழைநீரைப் பிடித்து வைத்து வேருக்கு மெல்ல விடுகின்றன. துண்டுகளுக்கு நடுவே காற்றும் புகும். ஒருமுறை வெந்த களிமண் மறுபடி சேறாகாது, மட்கிச் சுருங்காது. 2009இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, வழக்கத்திலிருந்த செங்கல் துண்டுகளோடு காகித ஆலைச் சாம்பலில் செய்த உருண்டைகளையும், கரியமில வாயுவால் இறுக்கிய சுண்ணாம்புக்கல் உருண்டைகளையும், களிமண் உருண்டைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. செங்கல்லுக்குச் சளைக்காதவையாகவே அவை தேறின. ஊடகத்தில் செடி வளர்கிறதா என்பதோடு அதிலிருந்து எது கரைந்து வருகிறது என்பதையும் அந்த ஆய்வு அளந்தது. அந்த இரண்டாவது அளவீட்டைத்தான் விளம்பரப் படங்களில் நாம் பார்ப்பதே இல்லை.

செடி வளர்வதைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்வதற்கு பிரிட்டனிலேயே போதிய ஆதாரம் கிடக்கிறது. போல்ட்டன் நகருக்கு அருகே நாப் எண்ட் என்ற இடம். 19ஆம் நூற்றாண்டில் லெபிளாங்க் முறையில் சோடா உப்பு தயாரித்த ஆலை அங்கே தன் காரக் கழிவைக் குவித்தது. தொடக்கத்தில் புல்கூட முளைக்காத அந்த மேடு காற்றும் மழையும் பட்டு ஆறி, இன்று ஆர்க்கிட் மலர்கள் பூக்கும் பாதுகாக்கப்பட்ட தலம். அனல்மின் நிலையச் சாம்பல் குளங்களின் கதையும் அதுதான். புதுச் சாம்பலில் காரம் மிகுதி. செடியைக் கருக்கும் அளவுக்குப் போரானும் கரையும் உப்புகளும் இருக்கும். சில ஆண்டுகள் மழை பெய்து கழுவிய பின், அதே சாம்பலில் ஆர்க்கிட்டுகள் திரளாக வந்து குடியேறின. கழிவில் உயிர் தழைக்கும் என்பதற்கு இவற்றை எடுத்துக்காட்டுகிறார்கள், சரிதான். ஆனால் அந்தப் போரானும் உப்பும் எங்கே போயின? மாயமாகிவிடவில்லை. செடிக்கு இடம்விட்டு அவை நீரோடு இறங்கிப் போயின. மேலே பூத்த பூவும் கீழே இறங்கிய நஞ்சும் ஒரே மழையின் வேலை.

இன்னும் கடுமையான சான்று வட இங்கிலாந்தின் பென்னைன் மலைத்தொடரில் இருக்கிறது. அங்கே பழைய ஈயச் சுரங்கங்களின் கழிவுமேடுகளில் தனி வகைப் புல்வெளியே உருவாகியிருக்கிறது. உலோகம் மிகுந்த மண்ணில் வேறு செடிகள் மடிய, அதைத் தாங்கும் இனங்கள் மட்டும் அங்கே செழிக்கின்றன. அவற்றுள் ஒன்றான மலைக் கடுகினச் செடி, உலர்ந்த எடையில் ஒரு விழுக்காட்டுக்கும் மேல் துத்தநாகத்தைத் தன் இலையில் சேர்த்துக்கொண்டு நலமாக வாழக்கூடியது. பசுமை என்பது செடியின் தாங்கும் திறனைக் காட்டுகிறது. மண்ணின் தூய்மையைக் காட்டுவதில்லை. கூரையில் நடுவதற்கென்றே வறட்சியையும் உப்பையும் தாங்கும் இனங்களைத்தான் நாம் பொறுக்கி எடுக்கிறோம். எதையும் தாங்குகிறவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டு, அவர் புகார் சொல்லவில்லை என்று தீர்ப்பு எழுதுவதில் பொருளில்லை.

இனி வடிநீருக்கு வருகிறேன். பசுங்கூரை மழைநீரை வடிகட்டித் தூய்மையாக்கும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. பாதி உண்மை. ஊடகம் நீரைப் பிடித்து வைக்கிறது, தூசியைத் தடுக்கிறது. அதே நேரம் தன்னிடமிருப்பதைக் கரைத்தும் கொடுக்கிறது. சுவீடனின் மால்மோ நகரிலுள்ள அகஸ்டன்போர்க் குடியிருப்புப் பகுதியிலும் வேறு பல நாடுகளிலும் நடந்த அளவீடுகள், பசுங்கூரையின் வடிநீரில், குறிப்பாகக் கூரை புதிதாக இருக்கும் ஆண்டுகளில், பாஸ்பரஸ் கூடுதலாக இறங்குவதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அது மட்கிய உரமும் ரசாயன உரமும் தந்த பாஸ்பரஸ். கழிவே கலக்காத ஊடகத்தின் கதை இது என்றால், கழிவு கலந்ததைப் பற்றி நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். லண்டனின் பழைய பகுதிகளில் கூரை நீர் சாக்கடையோடு சேர்ந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் அப்படியல்ல. 2003ஆம் ஆண்டு அவசரச் சட்டத்தின் மூலம் மழைநீர் சேகரிப்பு அமைப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. நம் மொட்டை மாடியில் விழும் நீர் குழாய் வழியே இறங்கி, மணலும் ஜல்லியும் போட்ட தொட்டியைக் கடந்து, உறைகிணற்றுக்கோ ஆழ்துளைக் கிணற்றின் பக்கத்திலுள்ள குழிக்கோ போகிறது. மணல் தூசியைப் பிடிக்கும். கரைந்த குரோமியத்தைப் பிடிக்காது. கூரையில் எதைப் பரப்புகிறோமோ அதன் சாற்றைக் கிணற்றில் ஊற்றுகிறோம். ஐரோப்பாவில் தேறிய ஊடகம் என்ற சான்றிதழ் இங்கே செல்லாமல் போவது இதனால்தான்.

இந்த உரைகல்லில் நம் கழிவுகளை உரசிப் பார்ப்போம். உலர் சாம்பல் எனப்படும் பறக்கும் சாம்பல் முதலில் நினைவுக்கு வரும். இந்தியாவின் அனல்மின் நிலையங்கள் ஆண்டுக்கு 20 கோடி டன்னுக்கும் மேல் சாம்பல் தருகின்றன. அதன் துகள் மாவினும் நுண்மையானது; கூரையில் போட்டால் வடிகாலை அடைக்கும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் சாம்பலில் சுண்ணாம்பு மிகுதி என்பதால் நீர் பட்டால் தானே இறுகும். சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் அது நல்ல பொருள், வேருக்குப் பகை. கொதிகலனின் அடியில் தங்கும் கரடுமுரடான அடிச்சாம்பல் ஊடகமாக ஓரளவு பொருந்தும். ஆனால் சாம்பலின் காரத் தன்மையில் ஆர்செனிக், செலினியம், மாலிப்டினம் போன்றவை நீரில் எளிதில் கரைந்து நகரக்கூடியவை. எனவே கழுவாமல், சோதிக்காமல் மாடிக்கு ஏற்றலாகாது. எண்ணூரில் சாம்பல் கழிவு கழிமுகத்துக்குள் புகுந்ததைப் பார்த்த ஊர் நம்முடையது. சாம்பலைத் தீங்கற்ற தூசி என்று யாரும் இங்கே வாதிட முடியாது.

திருப்பூர்ச் சாயக்கழிவுச் சேற்றையும் ராணிப்பேட்டை வட்டாரத்தின் குரோமியக் கழிவையும் பற்றி நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையின் நீரை எப்படிக் கெடுத்தது என்பதும், 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் அறிந்த செய்திகள். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் நிலத்தடி நீரைக் கெடுத்த கதையும் அப்படியே. இத்தகைய சேற்றைக் களிமண்ணோடு பிசைந்து சுட்டால் நஞ்சு பூட்டப்பட்டுவிடும் என்ற யோசனை அவ்வப்போது எழும். காற்றோட்டமுள்ள சூளையில் கார உப்புகளோடு சுடும்போது, கேடு குறைந்த மூவிணைதிறக் குரோமியம் எளிதில் கரையும் அறுவிணைதிறக் குரோமியமாக மாறக்கூடும். பூட்டுவதாக நினைத்துத் திறந்துவிடுவோம். இவை கூரைக்கு ஆகா.

தென்னை நார்க்கழிவு வேறு ரகம். பொள்ளாச்சிப் பக்கம் கயிற்று ஆலைகளின் பக்கத்தில் மலைபோல் கிடந்தது, இன்று கட்டியாக அழுத்தி ஏற்றுமதியாகிறது. தன் எடையைப் போலப் பன்மடங்கு நீரைப் பிடிக்கும். எடையோ மிகக் குறைவு. உப்பைக் கழுவி, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் சிப்பிக் காளான் வித்து முறையில் மட்கவைத்தால் நல்ல உரம். ஆனாலும் அது மட்கும் பொருள். சில ஆண்டுகளில் சுருங்கி அமிழ்ந்துபோகும். ஊடகத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அதற்கு இடமுண்டு. மீதியை ஏற்று நிற்கச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாலும் செங்கல்தான் வருகிறது.

அதிலும் எல்லாச் செங்கல்லும் ஒன்றல்ல. சூளையில் உடைந்த செங்கல்லும் உடைந்த ஓடும் தூய்மையானவை. இடிபாட்டுச் செங்கல்லில் சிமெண்டுக் காரை ஒட்டியிருந்தால் காரம் ஏறும். ஜிப்சம் பூச்சு கலந்தால் சல்பேட் இறங்கும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கலாம். கல்நார்த் தகட்டுத் துண்டு ஒன்று கலந்தாலும் மொத்தக் குவியலையும் ஒதுக்க வேண்டியதுதான். ஆகவே 'செங்கல் கழிவு' என்ற பெயரையும் நான் நம்பச் சொல்லவில்லை. குவியலுக்குக் குவியல் சோதனை வேண்டும்.

எந்தச் சோதனை என்பதில்தான் சூட்சுமம். ஒரு பொருள் அபாயகரமானதா என்று முடிவுசெய்ய நம் 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகள் டி.சி.எல்.பி. எனப்படும் கரைசல் சோதனையைப் பயன்படுத்துகின்றன. குப்பைக் கிடங்கில் கொட்டினால் என்ன ஆகும் என்பதை மனத்தில் வைத்து அமெரிக்காவில் உருவான சோதனை அது. அதன்படி கரைசலில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஈயம், 5 மில்லிகிராம் குரோமியம் வரை இருந்தால் அந்தப் பொருள் தப்பிவிடும். இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயத்தில் ஈயத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், குரோமியத்துக்கு 0.05. அதாவது 'அபாயமற்றது' என்று முத்திரை வாங்கிய பொருளின் சாறு, குடிநீர் வரம்பைப் போல ஈயத்தில் 500 மடங்காகவும் குரோமியத்தில் 100 மடங்காகவும் இருக்க இடமுண்டு. நிலம் நிரப்ப அந்த முத்திரை போதுமா என்பதே விவாதத்துக்குரியது. கிணற்றுக்குமேல் பரப்பும் ஊடகத்துக்கு அது போதவே போதாது. ஐரோப்பியர்கள் செய்வதுபோல் ஒரு பங்கு பொருளைப் பத்துப் பங்கு வெறும் நீரில் ஒரு நாள் முழுதும் குலுக்கி, வடித்த நீரைக் குடிநீர் வரம்போடு ஒப்பிடுவது நமக்குப் பொருத்தமான சோதனை.

இதற்கு மூன்று ஆட்சேபங்கள் வரும். கூரையில் போடுவது கொஞ்சம், கரைவது அதிலும் கொஞ்சம், மழை அதை நீர்க்கச் செய்துவிடாதா என்பது முதலாவது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 சதுர மீட்டர் மாடியில் 10 செ.மீ. கனம் என்றால் ஏறக்குறைய 10 டன் ஊடகம். டன்னுக்கு 100 கிராம் குரோமியம் உள்ள பொருள் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஒரு கிலோ. அதில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் கரைந்தாலும் 10 கிராம். அதைக் குடிநீர் வரம்புக்குள் கொண்டுவர 2 லட்சம் லிட்டர் நீர் வேண்டும். சென்னையின் சராசரி ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ.; அந்த மாடியில் ஓராண்டு முழுதும் விழுவதே 1.4 லட்சம் லிட்டர்தான். நன்கு வெந்த செங்கல்லிலும் இதே அளவு குரோமியம் இயல்பாகவே இருக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். அது சுட்ட களிமண்ணுக்குள் கட்டுண்டு கிடப்பதால் பெரும்பாலும் கரைவதில்லை. எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எவ்வளவு கரைகிறது என்பது பெரிது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இவ்வளவு கண்டிப்புக் காட்டினால் கழிவை மறுபடி பயன்படுத்தும் முயற்சியே முடங்கிவிடும், கழிவு குளத்திலும் கிடங்கிலும்தானே போய்ச் சேரும் என்பது இரண்டாவது. நல்ல கேள்வி, ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு நகரத்தில் 10 சதுர கிலோமீட்டர் மாடிப் பரப்பைப் பசுங்கூரையாக்கிவிட்டோம் என்றே வைப்போம். எந்த இந்திய நகரமும் அதன் அருகில்கூட வரவில்லை. அதற்குத் தேவைப்படும் ஊடகம் சுமார் 10 லட்சம் டன். முழுவதையும் சாம்பலாகவே போட்டாலும் நாட்டின் ஓராண்டுச் சாம்பலில் அரை விழுக்காடுகூட ஆகாது. பசுங்கூரை கழிவுப் பிரச்சினையைத் தீர்க்கப் போவதில்லை. தீர்க்கும் என்று சொல்கிறவர்கள் கணக்குப் போட்டதில்லை. கூரைக்குத் தேவை சிறிது. ஆகவே கழிவில் சிறந்ததைப் பொறுக்கி எடுக்க நம்மால் முடியும். ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்ற நெருக்கடி கூரைக்கு இல்லை.

மூன்றாவது, எடை. பொறியாளர் முதலில் கேட்பதும் இதையே. நனைந்த செங்கல் ஊடகம் 10 செ.மீ. கனத்தில் சதுர மீட்டருக்கு 130 முதல் 160 கிலோ வரை இருக்கும். ஆட்கள் நடமாடும் மாடிக்கு நம் விதிகள் எடுத்துக்கொள்ளச் சொல்லும் நகரும் சுமை 150 கிலோ. அதை ஊடகத்துக்கே கொடுத்துவிட்டால் மனிதர் நிற்க இடமில்லை. ஆகவே இருக்கிற அடுக்குமாடியில் தாமாகக் கொட்டிக்கொள்ளும் வேலை இது அல்ல. ஆனால் செங்கல் ஜல்லியைக் கூரையில் சுமப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கடுக்காய் நீரோடு கலந்து, மூன்று அங்குலக் கனத்துக்கு அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிக்கும் வழக்கத்தை நம் மொட்டை மாடிகள் பல தலைமுறைகளாகக் கண்டவை. அதன் எடையும் 120 முதல் 150 கிலோ வரை வரும். புதுக் கட்டடத்தில் அந்த அடுக்கையும் ஊடகத்தையும் சேர்த்தே வடிவமைக்க எந்தத் தடையும் இல்லை. வெயிலை மட்டும் தணிக்க வேண்டும் என்றால், சொல்லிவிடுகிறேன், வெள்ளைப் பூச்சே மலிவு. வெள்ளத்தைத் தடுக்கும் என்றும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்: இந்த ஊடகம் ஏறத்தாழ 3 செ.மீ. மழையைப் பிடிக்கும், 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் பெய்தது 49 செ.மீ.

நடைமுறைக்கு வருவோம். சென்னையில் பழைய வீட்டை இடிப்பவர்கள் நிலை, கதவு, உத்தரம், கம்பி என்று ஏற்கெனவே தரம் பிரித்தே எடுக்கிறார்கள், விலை இருப்பதால். சுண்ணாம்புக் காரையில் கட்டிய முழுச் செங்கல்லும் விற்றுவிடும். உடைந்ததுதான் கான்கிரீட்டோடு கலந்து பள்ளம் நிரப்பப் போகிறது. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டட இடிபாட்டை அரைத்துப் பிரிக்கும் ஆலைகள் இருக்கின்றன; அங்கே எல்லாம் கலந்து வந்தபின் செங்கல்லைத் தனியே எடுப்பது கடினம். இடிக்கும் இடத்திலேயே பிரித்தால் எளிது. உடைந்த செங்கல்லுக்கும் ஒரு விலை வைத்தால், இடிப்பவர்களே அதைப் பிரித்துத் தருவார்கள். ஆலை செய்ய வேண்டியது சலித்து, நுண்தூளை நீக்கி, குவியல் எண்ணிட்டு, நீர்க் கரைசல் சோதனையின் முடிவை மூட்டையிலேயே அச்சிட்டுக் கொடுப்பது. கூரை அமைத்த பிறகு முதல் வடகிழக்குப் பருவமழையின் வடிநீரைக் கிணற்றுக்கு விடாமல், தரையிலுள்ள மரங்களுக்குத் திருப்பிவிட வேண்டும். முதல் ஆண்டில் மிகுதியாக இறங்கும் உரச்சத்து மரத்துக்கு உதவும். உலோகத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. உலோகம் கரையும் பொருள் படியேறியிருக்கவே கூடாது. அடுத்த ஆண்டு ஐப்பசியில் குழாயடியில் ஒரு பாட்டிலைப் பிடித்து, அந்த நீரை ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வரம்புக்குள் இருந்தால் கிணற்றுக் குழாயைத் திறக்கலாம்.